மணி அடிக்கவா போகிறாய்?

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எனக்கு 31 வயது. பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். கணவர் ஜவுளிக்கடையில் விற்பனையாளர். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளியில் ஓராண்டு அறிவியல் எடுத்தேன். நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றாலே நாக்கு உலர்ந்துவிடும். வேலையை விட்டேன், பள்ளிக்கூடத்தை விட மனம் வரவில்லை. அந்த வகுப்பில் யாரிடமும் பேசாத ஒரு பையன் இருந்தான். என்னிடம் மட்டும் நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவான். அவன் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆசிரியர் வேலை அல்லாமல் பள்ளியில் வேறு ஏதாவது பார்க்கலாம் என்றால், 'மணி அடிக்கவா போகிறாய்?' என்கிறார் மாமியார். இதற்கிடையே தெரிந்தவர் ஒருவர், அரசு உதவிபெறும் பள்ளியில் ஆய்வக உதவியாளர் இடம் காலியாக இருக்கிறது, நான்கு லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். நகையை அடகு வைத்தால் புரட்டிவிடலாம். என்ன செய்யட்டும்?"

பதில் எழுதுபவர், அரசு மேல்நிலைப் பள்ளியில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர்.

அம்மா, முதலில் அந்த நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உதவிபெறும் பள்ளியில் ஓர் இடம் 'காலி' என்று சொல்வதற்கும் அந்த இடத்துக்குச் சம்பளம் வருவதற்கும் நடுவே நீண்ட பாதை இருக்கிறது. அந்தப் பணியிடம் அரசு ஒப்பளித்த பணியிடமாக இருக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கை குறைந்து அது உபரியாகப் போயிருக்கக் கூடாது. அதை நிரப்பிக்கொள்ள நிர்வாகத்துக்கு அனுமதி வேண்டும். நியமித்த பிறகு கல்வி அலுவலகம் அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகுதான் அரசின் ஊதிய மானியம். ஒப்புதல் வரும்வரை அரசு ஒரு பைசா தராது. நிர்வாகம் தந்தால் உண்டு, பெரும்பாலும் தராது.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞன், எங்கள் பக்கத்து உதவிபெறும் பள்ளி ஒன்றில் இப்படித்தான் சேர்ந்தான். அப்பா நிலத்தை விற்றுக் கொடுத்த பணம். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து ஆய்வகத்தைத் திறப்பான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகூடப் போடுவான். ஐந்தாவது ஆண்டிலும் ஒப்புதல் வரவில்லை. கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்க என் மேசைக்கு வருவான். கேட்டுக் கேட்டு அவனுக்கே கோப்பின் எண் மனப்பாடம். கடைசியில் திருப்பூருக்குப் போய்விட்டான். பணத்துக்கு ரசீது கிடையாது. யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் 'நான் வாங்கவே இல்லை' என்பார்கள்.

எல்லா நிர்வாகங்களும் அப்படியல்ல. காசு வாங்காமல், முறையாக விளம்பரம் கொடுத்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டியல் கேட்டு நியமிக்கிற பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு தரகர் நடுவில் நிற்க மாட்டார். தரகர் நிற்கிறார் என்பதே உங்களுக்குப் போதுமான பதில்.

இப்போது மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேலியாகக் கேட்டிருக்கிறார். எனக்கு அது வீட்டுக் கேள்வி. என் அப்பா பள்ளியில் மணி அடித்தவர். அன்றைய பெயரில் பியூன், இன்றைய பெயரில் அலுவலக உதவியாளர். பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் 1986இல் எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கொடுத்தார்கள். 22 வயதில், அவர் தினமும் துடைத்து வைத்த மேசைகளில் ஒன்றின் பின்னால் உட்கார்ந்தேன். 38 ஆண்டுகள் கழித்துக் கண்காணிப்பாளராக எழுந்தேன். ஆசிரியர் அறையில் இனிப்பு கொடுக்கும்போது அலுவலகத்தை மறந்துவிடுவார்கள்; ஆண்டு விழாப் புகைப்படத்தில் நாம் ஓரத்தில் நிற்போம், சில ஆண்டுகளில் நிற்கவும் கூப்பிட மாட்டார்கள். இது நடக்கும். நடக்காது என்று சொல்லி உங்களை இந்தப் பக்கம் இழுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்பது வெளியில் தெரியாது. 2020 நவம்பர், தீபாவளிக்கு முந்தைய வாரம். கொரோனாவால் பிள்ளைகளுக்குப் பள்ளி மூடியிருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டு அது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். ஒரு பெண் அப்பாவோடு வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்கள் பள்ளி. எட்டாவது வரை வேறோர் ஊரின் நடுநிலைப் பள்ளி. அங்கே வாங்கி வந்த சான்றில் தலைப்பெழுத்து 'மு'. எங்கள் பதிவேட்டில் 'கோ'. முதல் நாள் அந்தப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனவர் தாய்மாமன். எழுதிய புண்ணியவான் மாமன் பெயரின் முதல் எழுத்தையே பிள்ளைக்கும் போட்டுவிட்டார்.

அவளுடைய சேர்க்கைக் கோப்பை இரும்பு பீரோவிலிருந்து எடுத்தேன். பாச்சா உருண்டை வாசனையோடு பிறப்புச் சான்றின் நகல் உள்ளே இருந்தது. எங்களிடம் சேர்ந்த அன்று, எழுத்து மாறியிருப்பதைக் கவனித்து, பிறப்புச் சான்றைப் பார்த்துத் திருத்தியதாகச் சிவப்பு மையில் ஒரு குறிப்பும் பக்கத்தில் அன்றைய தலைமையாசிரியரின் சுருக்கொப்பமும். எழுதியது யார் என்று பார்த்தேன். எனக்கு முன்பு அந்த இருக்கையில் இருந்த இளநிலை உதவியாளர். அந்த ஒரு வரியை வைத்துத்தான் தலைமையாசிரியர் சான்றில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. ஆனால் அந்தச் சிவப்பு மையை எழுதியவருக்கு இன்றுவரை இது தெரியாது. அவர் எப்போதோ மாறுதலில் போய்விட்டார்.

சரி, பதவிகளுக்கு வருவோம். பள்ளியில் ஆசிரியர் அல்லாத வேலைகள் என்று எழுதிக்கொண்டே போனால் பட்டியல் நீளும்: இளநிலை உதவியாளர், தட்டச்சர், பதிவறை எழுத்தர், ஆய்வக உதவியாளர், நூலகர், அலுவலக உதவியாளர், காவலர், சத்துணவு அமைப்பாளர், சமையலர், விடுதிக் காப்பாளர், பேருந்து உதவியாளர், செவிலியர், உளவியல் ஆலோசகர், சிறப்புப் பயிற்றுநர். பதவியின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். விளம்பரத்தில் ஊதியம் என்ற இடத்தில் என்ன சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். என் அனுபவத்தில் ஒரு மனுஷியின் முப்பது ஆண்டுகளை அந்தச் சொல்தான் தீர்மானிக்கிறது.

'காலமுறை ஊதியம்' என்றால் ஒப்பளித்த பணியிடம். ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, அகவிலைப்படி, பதவி உயர்வு எல்லாம் தொடரும். 'சிறப்புக் காலமுறை ஊதியம்' என்பது அதன் தம்பி. சத்துணவுப் பணியாளர்களுக்கு இருப்பது. பெயரில் காலமுறை இருக்கும், தொகை சிறியது. 'தொகுப்பூதியம்' என்றால் மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. பத்து ஆண்டு ஆனாலும் நீங்கள் தற்காலிகம். 'மதிப்பூதியம்' என்றால் அது சம்பளமே அல்ல, நன்றி. இல்லம் தேடிக் கல்வி 2021இல் தொடங்கியபோது தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். மாலையில் தெருப்பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பெண்கள் உண்மையிலேயே நல்ல வேலை செய்தார்கள். ஆனால் 'இதை வைத்து நிரந்தரமாக்கிவிடுவார்கள்' என்று நம்பியவர்களை என்னால் எண்ண முடியாது. கடைசியாக ஒன்று, 'வெளிமுகமை'. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினியைப் பார்த்துக்கொள்ள, எமிஸ் எனும் அரசின் கல்வித் தகவல் இணையத்தில் விவரங்களை ஏற்ற, வளாகத்தைச் சுத்தம் செய்ய என்று ஒரு நிறுவனம் ஆள் அனுப்பும். வேலை பள்ளியில், முதலாளி வேறெங்கோ. சம்பளம் தாமதமானால் தலைமையாசிரியரிடம் அழுது பயனில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்துக்கொள்ளும் எழுத்தர்களும் ஏறக்குறைய இந்த நிலைதான். கழகத்தில் பணம் இருக்கும்வரை வேலை.

இவற்றில் காலமுறை ஊதியத்துக்குப் பெரிய வாசல் ஒன்றுதான், அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வு. பள்ளிகளுக்கென்று தனியாக அல்ல, எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து நடப்பது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தேர்ச்சி பெற்றபின் கலந்தாய்வில் தரவரிசைப்படி துறையைத் தேர்ந்தெடுக்கலாம். வருவாய்த் துறைக்கும் பதிவுத் துறைக்கும் கூட்டம் முண்டியடிக்கும். பள்ளிக்கல்வித் துறையைப் பலர் இரண்டாம்பட்சமாகப் பார்ப்பார்கள். அது உங்களுக்கு நல்லது. இளநிலை உதவியாளருக்கு அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அதன்மேல் படிகள். பிறகு உதவியாளர், கண்காணிப்பாளர் என்று ஏறலாம்.

மூன்று மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 100 கேள்விகள், தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதிப் பாதியைத் திருத்தவே மாட்டார்கள். உங்கள் கடிதத்தில் ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தேன். அது அங்கே மதிப்பெண்ணாக மாறும். கணக்குப் பகுதி 25 கேள்விதான். பொது அறிவுக்குப் பள்ளிப் புத்தகங்களே போதும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை உள்ள அறிவியலை நீங்கள் ஓராண்டாவது கையில் வைத்திருந்திருக்கிறீர்கள். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் சோம்பலும் வேண்டாம். பொதுப் பிரிவுக்கு 32. மற்றப் பிரிவுகளுக்கு அதற்கு மேலும் தளர்வு உண்டு. உங்கள் பிரிவை நீங்கள் எழுதவில்லை. அறிவிக்கை வரும்போது வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்ற வரியை நிதானமாகப் படியுங்கள்.

பத்தாவது வரை தமிழ் வழியில் படித்திருந்தால் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். தேர்வு அறிவிப்பு வந்தபின் ஓடாதீர்கள். அந்த வாரத்தில் பள்ளி அலுவலகம் திருவிழாக் கூட்டம் போல் இருக்கும். ஜூன் மாதம் சேர்க்கை நடக்கும்போதும் போகாதீர்கள். ஜூலை கடைசியில் ஒரு மத்தியான வேளையில் போங்கள். தேநீர் குடித்துவிட்டு நிதானமாக எழுதித் தருவார்கள். இது தொழில் ரகசியம்.

தட்டச்சு தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டால் இந்த மாதமே சேருங்கள். உங்கள் ஊரில் பேருந்து நிலையத்துக்கு அருகே மாடிப்படி ஏறிப் போகிற ஒரு தட்டச்சுப் பயிலகம் நிச்சயம் இருக்கும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேர்ச்சி இருந்தால் தட்டச்சர் பதவிக்கும் போட்டியிடலாம். அங்கே கூட்டம் குறைவு. எழுதிப் பழகியவர்களை விடத் தட்டித் தேறியவர்கள் எண்ணிக்கையில் எப்போதும் சிறுபான்மை.

ஆய்வக உதவியாளர் வேலை உங்களை இழுக்கிறது என்பது புரிகிறது. வேதியியல் படித்தவருக்கு அது தாய்வீடு. எங்கள் பள்ளியில் இருந்த ஆய்வக உதவியாளர் அம்மாவின் விரல் நுனிகள் செய்முறைத் தேர்வுக் காலம் முழுக்கப் பழுப்பாகவே இருக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கறை. தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் உப்புகளைப் பெயர் ஒட்டாத சின்னக் குப்பிகளில் போட்டு எண் மட்டும் எழுதுவார். எந்த எண்ணில் எந்த உப்பு என்ற பட்டியல் ஆசிரியரிடம் ஒன்று, அவர் தலைக்குள் ஒன்று. பியூரெட் குழாயின் திருகில் கசிவு இருந்தால் காதால் கேட்டே சொல்லிவிடுவார் என்று பிள்ளைகள் நம்பினார்கள். ஒருமுறை புதிதாக வந்த ஆசிரியர் அடர் கந்தக அமிலத்தில் தண்ணீரை ஊற்றப் போனார். அந்த அம்மா எதுவும் பேசாமல் அவர் கையிலிருந்த குவளையை வாங்கி, தண்ணீரை முதலில் கண்ணாடி முகவையில் ஊற்றி, அமிலத்தைக் கோலின் வழியே சொட்டுச் சொட்டாக விட்டுக் காட்டினார். பத்தாம் வகுப்பு மட்டும் படித்தவர். இந்த வேலைக்கு அரசு கேட்கும் தகுதியும் அவ்வளவுதான்.

ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். 2015இல் அரசுப் பள்ளிகளுக்கு 4,362 ஆய்வக உதவியாளர்களை எடுக்க ஒரே தேர்வு வைத்தார்கள். மே 31 அன்று தேர்வு, லட்சக்கணக்கில் எழுதினார்கள். முடிவு வந்தது 2017இல். நடுவில் வழக்கு, விசாரணை. அந்த இரண்டு ஆண்டுகளும் 'எழுதிவிட்டேன், வந்துவிடும்' என்று வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் ஆய்வகத்திலேயே இருப்பார் என்று எண்ண வேண்டாம். அலுவலகத்தில் ஆள் இல்லாத பள்ளிகளில் எமிஸ் பதிவும் சம்பளப் பட்டியலும் அவர் தலையில்தான் விழும்.

விடுமுறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மகளுக்குப் பள்ளி இல்லாத நாளில் நானும் வீட்டில் இருப்பேன் என்ற கணக்கில் இந்த வேலையை யோசிக்கிறீர்கள் என்றால், அது தப்புக் கணக்கு. ஆசிரியர்களுக்கு மே மாதம் கோடை விடுமுறை. அலுவலகத்துக்கு அதுதான் அறுவடைக் காலம். தேர்வு முடிவு, மாற்றுச் சான்றிதழ், சேர்க்கை, விலையில்லாப் புத்தகம் வந்து இறங்குவது, தணிக்கை எல்லாம் அப்போதுதான்.

மத்திய அரசுப் பள்ளிகளைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். கேந்திரிய வித்யாலயாவில் இளநிலைச் செயலக உதவியாளர், நூலகர் இடங்கள் உண்டு, சம்பளம் நல்லது. ஆனால் இளநிலைச் செயலக உதவியாளருக்கு வயது வரம்பு குறைவு, நாட்டின் எந்த மூலைக்கும் போடலாம். நவோதயா பள்ளி என்று சொன்னால், அது தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்துணவு அமைப்பாளர் பணி பெண்களுக்கே உரியது. குடியிருப்பு பள்ளிக்கு அருகில் இருக்க வேண்டும். 1982இல் தொடங்கிய திட்டம், ஊரில் மரியாதை உண்டு. அரிசி இருப்பும் முட்டைக் கணக்கும் ஒரு நாள் தவறினால் தூக்கம் போய்விடும். அறிவிப்பு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வரும், வந்தால் விண்ணப்பியுங்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

குரூப் 4 அறிவிப்பு வந்து, தேர்வு நடந்து, பணி ஆணை கைக்கு வர எப்படியும் காலம் பிடிக்கும். அதுவரை தனியார் பள்ளியில் வேலை பாருங்கள் என்றுதான் சொல்வேன். மெட்ரிக் பள்ளியோ சிபிஎஸ்இ பள்ளியோ, ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ கேளுங்கள். வேதியியல் பட்டதாரி ஆய்வகத்துக்குக் கிடைத்தால் எந்த முதல்வரும் விட மாட்டார். சின்ன ஊர்களில் சம்பளம் பத்தாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும்; கூச்சப்படாமல் பேரம் பேசுங்கள். நேர்முகத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. மே மாதச் சம்பளம் உண்டா? பல பள்ளிகளில் பத்து மாதம், பதினொரு மாதம் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், சேர்ந்த பிறகுதான் சொல்வார்கள். வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா? இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பிடித்தாக வேண்டும். நியமன ஆணை எழுத்தில் தருவார்களா? அசல் சான்றிதழ்களைக் கேட்டால், பார்த்துவிட்டு உடனே திருப்பித் தரச் சொல்லுங்கள். 'நீங்கள் போகும்போது தருகிறோம்' என்று பீரோவில் வைத்துக்கொள்ளும் பள்ளியில் சேராதீர்கள். சான்றிதழை மீட்கக் காவல் நிலையம்வரை போன பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிப் பேருந்தில் உதவியாளராகப் போகச் சொன்னால் கேவலமாக நினைக்காதீர்கள், ஆனால் உங்கள் படிப்புக்கு அது வேண்டாம். 2012இல் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்தில் அடித்தள ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. வண்டியில் உதவியாளர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்று ஆனது. அந்த வேலையைச் செய்கிறவர்களை நான் வணங்குகிறேன். சம்பளம்தான் வணங்கும்படி இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் பயம் பிள்ளைகளைப் பார்த்து அல்ல, கூட்டத்தைப் பார்த்து. நாற்பது பேர் முன்னால் நாக்கு உலர்கிறது. யாரிடமும் பேசாத ஒருவன் உங்களிடம் மட்டும் நோட்டை நீட்டுகிறான். ஒரு பக்கக் கடிதத்தில் அவனுக்கு மூன்று வரி கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கணவருக்கு ஒரே வரி.

சிறப்புக் கல்வி என்று ஒரு துறை இருக்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, செவித்திறன் குறை, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளோடு ஒருவராக, இருவராக உட்கார்ந்து செய்யும் வேலை. சாதாரணப் பள்ளியிலேயே நடக்கும். அதைக் கற்பித்தல் என்றும் சொல்லலாம், அல்ல என்றும் சொல்லலாம். கரும்பலகை முன்னால் நிற்பது அதில் மிகக் குறைவு. ஒரு பிள்ளை பென்சிலைப் பிடிக்க இரண்டு மாதம் ஆகும். மூன்றாவது மாதம் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதுவான். அன்று பள்ளியில் வேறு யாருக்கும் அது செய்தி அல்ல.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கச் சொல்கிறது. 2021இல் உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்றது. சிபிஎஸ்இ பள்ளிகள் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்பது இணைப்பு விதி. ஆள் தேவை இருக்கிறது, தகுதி உள்ளவர்கள் குறைவு. அரசுப் பக்கம் இன்றைக்கு உள்ள சிக்கலையும் சொல்ல வேண்டும்: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் நெடுங்காலமாகத் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள், பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். மேலே சொன்ன சொல் இங்கேயும் பொருந்தும்.

இதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். முடித்தபின் அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பதிவெண் இல்லாமல் செய்தால் அது குற்றமாகவும் ஆகலாம். நீங்கள் பட்டதாரி என்பதால் சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. வேறு எங்கு சேர்ந்தாலும், அந்தக் கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும் அந்த ஆண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று குழுமத்தின் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'ஆறு மாத ஷேடோ டீச்சர் பயிற்சி, உடனடி வேலை' என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் போக வேண்டாம்.

சேர்வதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்துக்குப் போய், அங்கே இருக்கும் சிறப்புப் பயிற்றுநரிடம் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மூன்று நாள் கழித்தும் அந்தப் பிள்ளைகளின் முகம் நினைவில் வந்தால் படிப்பில் சேருங்கள். களைப்புதான் மிஞ்சுகிறது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை; தட்டச்சுப் பயிலகமும் குரூப் 4 புத்தகமும் காத்திருக்கின்றன. நான் உங்கள் இடத்தில் இருந்தால் தட்டச்சில் இந்த வாரமே சேருவேன். மற்றதை அந்த இரண்டு நாள் முடிவு செய்யட்டும்.

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். என் அப்பா காலை ஒன்பது பத்துக்கு அடித்த முதல் மணிக்கு அந்தத் தெருவில் நான்கு வீடுகள் அடுப்பை அணைக்கும் என்று மட்டும் ஒரு நாள் சொல்லுங்கள். தரகரின் எண்ணை அழித்துவிடுங்கள்.

அந்தப் பையன் இப்போது எந்த வகுப்பில் இருக்கிறான், யாரிடமாவது பேசுகிறானா என்று விசாரித்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.